நெஞ்சும் இதயமும்: மலையக இலக்கியத்தின் உணர்ச்சிச் சொற்கள் பற்றிய ஒரு நோக்கு

1

மலையக இலக்கியம் பற்றி இதுகாறும் வெளிவந்த ஆய்வுகளுட் பெரும்பாலானவை அதன் பொருளை முதன்மைப்படுத்தி அமைந்தவை. குடிபெயர்வு, கங்காணி முறை, லய வாழ்க்கை, குடியுரிமைப் பறிப்பு, தொழிற்சங்கப் போராட்டம் முதலியன படைப்புகளில் எவ்வாறு சித்திரிக்கப்பட்டுள்ளன என்பதே அவற்றின் வினா. அவ்வினா இன்றியமையாதது. அதற்கு விடை தேடிய அறிஞர்களின் உழைப்பினாலேயே ஹற்றனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கொல்லையிலும் பிறந்த எழுத்து, ஈழத்து இலக்கியத்தின் ஒரு தனிக்கிளையாக இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. ஆயின் அப்பொருள் எத்தகைய சொற்களின் வழியே உணர்ச்சியாக மாறி வாசகரை அடைகின்றது என்னும் வினா அதே அளவுக்கு எழுப்பப்படவில்லை.

இக்கட்டுரை அவ்வினாவின் ஒரு சிறு பகுதியையே எடுத்துக்கொள்கின்றது. துயரமும் சினமும் துணிவும் உடம்பில் எங்கு இருப்பதாக ஒரு மக்கட் கூட்டம் கருதுகின்றது? அக்கருத்தைத் தாங்கும் சொற்கள் வாய்மொழிப் பாடலிலிருந்து அச்செழுத்துக்கு வரும்போது என்ன ஆகின்றன? நெஞ்சு, வயிறு, குலை ஆகிய சொற்களின் இடத்தில் இதயம் என்னும் ஒரு சொல் வந்தமர்ந்ததால் மலையக எழுத்து பெற்றதென்ன, இழந்ததென்ன? இவை சொல்லாராய்ச்சியின் எல்லைக்குள் அடங்கிவிடும் வினாக்கள் போலத் தோன்றலாம். உண்மையில் இவை தொழிலாளியை இலக்கியம் எவ்வாறு காண்கின்றது என்பதையே தொடுகின்றன.

2

ஒப்பீட்டுக்காக முதலிற் பழைய ஆங்கிலத்தை நோக்குவோம். இத்தீவின் மலைச்சரிவுகளில் ஆட்சி செலுத்திய மொழி ஆங்கிலம் என்பதும், மலையகத்தின் முதன்மையான எழுத்தாளரொருவர் அம்மொழியிலேயே எழுதத் தொடங்கினார் என்பதும் இவ்வொப்பீட்டை வேண்டுவனவாக்குகின்றன.

நோர்மானியர் 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன்னர் வழங்கிய ஆங்கிலத்தில் நெஞ்சைக் குறிக்கும் ‘ஹெயோர்ட்டெ’ என்னும் சொல்லை அடியாகக் கொண்டு பல தொகைச் சொற்கள் பிறந்தன. ‘மில்ட்ஹெயோர்ட்’ என்றால் மென்மையான நெஞ்சுடையவன், அதாவது இரக்கமுள்ளவன். ‘ஹெயர்ட்ஹெயோர்ட்’ கல்நெஞ்சன். ‘ரூம்ஹெயோர்ட்’ இடமகன்ற நெஞ்சினன், அதாவது வள்ளல். ‘ஹாட்ஹெயோர்ட்’ சூடான நெஞ்சினன், சினம் மிக்கவன். ‘ஹெயோர்ட்டெச்சே’ என்னும் நெஞ்சு நோவு, மருத்துவ நூல்களில் உடல் நோயைக் குறித்து வழங்கியது. அதே தொகை பிற்காலத்திலேயே மனத்துயரின் பெயராக நிலைபெற்றது. கவிஞர்களோ ‘பிரெயோஸ்ட்ஹோர்ட்’, ‘பிரெயோஸ்ட்கோவா’ முதலிய சொற்களை வழங்கினர். முன்னது நெஞ்சாகிய புதையல், பின்னது நெஞ்சாகிய அறை. எண்ணமும் உணர்வும் மார்புக்கூட்டினுள் அடைபட்டுக் கிடப்பவை. சினத்தாலும் துயராலும் அவை சூடேறிப் பொங்குபவை. பழைய ஆங்கிலக் கவிதையின் உளநூற் கொள்கை இவ்வாறு உடல் சார்ந்ததாகவே இருந்தது என்பதை அண்மைக்கால ஆய்வாளர் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளனர்.

இங்கு இரண்டு செய்திகள் மனங்கொளத்தக்கன. முதலாவது, அக்காலத்து ஆங்கில நெஞ்சு காதலுக்கும் இரக்கத்துக்கும் மாத்திரம் உரியதாக இருக்கவில்லை. அறிவும் நினைவும் துணிவும் அதனுள்ளேயே இருந்தன. மனனஞ் செய்தலை நெஞ்சினாற் கற்றல் எனக் கூறும் ஆங்கில வழக்கு இன்றும் உளது. ‘நெஞ்சற்றவன்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் முன்னர்த் துணிவிழந்தவனைக் குறித்தது. பின்னரே இரக்கமற்றவனைக் குறிக்கலாயிற்று. அதாவது, காலஞ் செல்லச் செல்ல நெஞ்சிலிருந்து துணிவு விலகியது, இரக்கம் தங்கியது. நோர்மானிய வெற்றிக்குப் பின்னர் ‘மில்ட்ஹெயோர்ட்’ வழக்கிழந்து, ஆளுவோர் மொழியாகிய பிரெஞ்சிலிருந்து வந்த சொற்கள் இரக்கத்தின் பெயர்களாயின. துணிவைக் குறிக்கவும் அம்மொழிச் சொல்லே நிலைபெற்றது. இலத்தீனில் நெஞ்சைக் குறித்த சொல்லே அச்சொல்லின் வேர் என்பது ஆங்கிலேயனின் செவிக்கு இன்று கேட்பதில்லை.

இரண்டாவது, நெஞ்சைப் பூட்டிவைத்தலே அக்கவிதைகள் போற்றும் அறம். எக்செற்றர் ஏட்டில் உள்ள, அலைந்து திரிவோன் ஒருவனின் இரங்கற் பாடலில், தலைவனை இழந்து நாடற்றுத் திரியும் வீரன் தன் நெஞ்சறையை இறுகக் கட்டிவைப்பதே மேன்மக்களுக்கு அழகு எனக் கருதுகின்றான். இது போர்வீரர் குழாத்தின் அறம். அதே ஏட்டில், தலைவனைப் பிரிந்த பெண்ணொருத்தியின் புலம்பலும் உளது. அதிற் பூட்டுத் திறந்துவிடுகின்றது. துயரைக் கூறும் முறை, கூறுவோரின் சமூக நிலையைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

3

தமிழில் உணர்வின் இருப்பிடங்கள் ஒன்றல்ல, பல. உள் என்னும் அடியாகப் பிறந்த உள்ளம், மனையையும் மனத்தையும் ஒருங்கே குறிக்கும் அகம், வடமொழி வழிவந்த மனம் ஆகியவற்றுக்கு நடுவே நெஞ்சு தனியிடம் வகிக்கின்றது. அது மார்பு என்னும் உறுப்பையும் குறிக்கும், மனச்சான்றையும் குறிக்கும், துணிவையும் குறிக்கும். தாகத்தால் நெஞ்சு உலர்ந்தது என்னும்போது தொண்டையையும் குறிக்கும். சங்க அகப்பாடல்களில் தலைவன் தன் நெஞ்சைத் தன்னின் வேறான ஒருவர்போல் விளித்துப் பேசுகின்றான். திருக்குறளின் 125ஆம் அதிகாரம் நெஞ்சொடு கிளத்தல் என்றும், 130ஆம் அதிகாரம் நெஞ்சொடு புலத்தல் என்றும் பெயர் பெற்றுள்ளன. பொய்க்குச் சாட்சியாய் நின்று சுடுவது நெஞ்சே என்பது வள்ளுவர் கருத்து. இரக்கத்தைக் குறிக்க ஈரம் என்னும் சொல் வந்தது. ஈரமுள்ள நெஞ்சு என்பது இன்றும் வழக்கு. ஆங்கிலேயனின் பழைய நெஞ்சு சூடேறிப் பொங்கியது. தமிழ் நெஞ்சு சினத்திற் கொதிப்பதோடு இரக்கத்தில் நனைந்தும் நின்றது.

நெஞ்சுக்கு அடுத்தபடி வயிறு. புறநானூற்றுத் தாயொருத்தி, தன் மகனை ஈன்ற வயிற்றைப் புலி தங்கிச் சென்ற கற்குகையாகக் காட்டுகின்றாள். அங்கு வயிறு பெருமிதத்தின் இருப்பிடம். மக்கள் வழக்கில் அது துயரத்தின் இருப்பிடமும் ஆகும். வயிறு எரிகிறது, வயிற்றைக் கலக்குகிறது, வயிற்றிற் பால் வார்த்தாய், பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்றெல்லாம் கூறுகின்றோம். குலையும் அவ்வாறே. அச்சத்தில் நடுங்குவது ஈரற்குலை. பேச்சு வழக்கில் ஈரக்கொலை. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய இடங்களிலிருந்து வந்த மக்கள் இச்சொற்களைத் தம்முடன் கொண்டு வந்தனர். மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த நாட்களில் அவர்கள் சுமந்து வந்த உடைமைகளில் இழக்கப்படாது எஞ்சியவற்றுள் இச்சொற்களும் அடங்கும்.

ஆங்கிலத்தையும் தமிழையும் இவ்விடத்தில் ஒப்பிடும்போது சுவையான ஒரு குறுக்கீடு புலனாகின்றது. பொறாமையையும் மனக்குறையையும் ஆங்கிலம் ‘நெஞ்செரிச்சல்’ என்று கூறியது. நாம் அவற்றை வயிற்றெரிச்சல் என்கின்றோம். நெஞ்செரிச்சல் என்பது நமக்குச் செரியாமையால் வரும் உடல் நோய். ஆங்கிலத்திலும் அந்நோயின் பெயர் நெஞ்சைக் கொண்டே அமைந்துள்ளது. ஒரே உடல், ஒரே நோவு. ஆனால் உணர்ச்சியின் எல்லைக்கோடு இரு மொழிகளிலும் வெவ்வேறு இடத்தில் வரையப்பட்டுள்ளது. ஆகவே ஆங்கில ‘நெஞ்சு’க்குத் தமிழில் ஒரே சொல்லை எங்கும் பெய்துவிட முடியாது.

4

தோட்ட நிருவாகத்தின் மொழியில் உடம்பு வேறு வகையில் இடம்பெற்றது. ஆங்கில முதலாளித்துவம் தொழிலாளரைக் ‘கைகள்’ என்று எண்ணிற்று. ஆட்களைத் திரட்டி வந்த பெரிய கங்காணிக்குத் தலைக்காசு கொடுக்கப்பட்டது. காலையிற் பெரட்டுக் களத்தில் நின்றவர்களின் பெயர் செக்றோலில் ஏறியது. ஒருநாட் கூலியே ‘பேர்’ என்று வழங்கலாயிற்று. நிறை குறைந்தாற் கிடைப்பது அரைப்பேர். கணக்குப்பிள்ளையின் எழுதுகோல் ஒரு மனிதனின் பெயரை இரண்டாக வெட்ட முடியும் என்பதை இச்சொல் எவ்வித அலங்காரமுமின்றி அறிவிக்கின்றது. வேலை நீக்கப்பட்டவனுக்குப் பற்றுச்சீட்டு. கை, தலை, பேர் என்ற இம்மூன்றனுள் தொழிலாளியின் உடம்பு முடிந்துவிட்டது. நெஞ்சுக்கோ வயிற்றுக்கோ இப்பதிவேடுகளில் நிரல் இல்லை.

இத்தகைய நிருவாகத்துக்கு வேண்டிய தமிழும் கட்டளைத் தமிழே. புதிதாக வந்த சின்னத் துரைமாருக்கெனக் கொழும்பில் அச்சிடப்பட்ட தமிழ்க் கைநூலொன்றின் பெயர் ‘இங்கே வா’ என்பதாகும். ஒருமையில் அமைந்த ஏவல் வினை ஒரு நூலின் தலைப்பாக நின்று, துரைக்கும் தொழிலாளிக்குமிடையே நிலவிய உறவை இரண்டே சொற்களில் வெளிப்படுத்திவிடுகின்றது.

இப்பின்னணியில் வாய்மொழிப் பாடல்களை நோக்கும்போது எதிர்பாராத ஒன்று தெரிய வருகின்றது. துயரப் பாடல்கள் என்று நாம் பொதுவாகக் குறிப்பிடும் இப்பாடல்களிற் சிறந்தவை பலவற்றில் துயரத்தைப் பெயர் கூறி அழைக்கும் சொல்லே இல்லை. கோணலான மலையேறிக் கோப்பிப் பழம் பறிக்கையில் ஒரு பழம் தவறிவிட்டதற்காகச் சின்னத் துரை உதைத்ததைக் கூறும் பாடல் யாவரும் அறிந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்து, தேயிலை அதனிடத்தைப் பற்றுவதற்கு முந்திய காலத்தின் குரல் அது. நெஞ்சு, மனம், கண்ணீர் ஆகியன ஒன்றும் அதில் இல்லை. மலை உண்டு, பழம் உண்டு, உதை உண்டு. ஒரு பழத்துக்கு ஓர் உதை என்னும் விகிதமே பாடலின் உணர்ச்சி. ஊரையும் பனந்தோப்பையும் இழந்து, பேர்பெற்ற கண்டிச் சீமையிலே பெற்ற தாயையும் மறந்ததைக் கூறும் மற்றொரு பாடலும் அவ்வாறே இழப்புகளின் பட்டியலாக அமைகின்றது. இழந்த பொருள்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. இழந்தவளின் உள்ளத்தைப் பற்றிப் பேச்சில்லை. கேட்போர் அதனைத் தாமே நிரப்பிக்கொள்கின்றனர்.

ஒப்பாரியில் நிலைமை வேறு. அங்கே உடம்பு முன்னணிக்கு வருகின்றது. ஆனால் அது உருவகமாக வருவதில்லை. மாரடித்தல் என்னும் சொல்லே காட்டுவது போல, நெஞ்சு கையால் அறையப்படும் மார்பு. வயிற்றிலும் வாயிலும் அடித்துக்கொண்டு அழுதாள் என்பது வருணனை மாத்திரமன்று, நிகழ்ச்சியும் ஆகும். இதே வயிறு வேறொரு தொடரிலும் வருகின்றது. ஒருவனின் பிழைப்பைக் கெடுப்பதை வயிற்றில் அடித்தல் என்கின்றோம். கூலி குறைக்கப்படும்போதும், பேர் வெட்டப்படும்போதும், தோட்டத்தினின்று நீக்கப்படும்போதும் தொழிலாளி கூறும் தொடர் அது. ஆகவே ஒப்பாரியில் தன் வயிற்றில் அடித்துக்கொள்ளும் பெண்ணின் செயலும், அவள் வயிற்றில் அடிக்கும் முறைமையின் செயலும் ஒரே சொல்லில் சந்திக்கின்றன. பசி, தாய்மை, துயரம், பொருளாதாரச் சுரண்டல் ஆகிய நான்கும் கூடும் இடம் வயிறு. இவற்றை ஒன்றினின்று ஒன்று பிரித்தறிய வேண்டிய தேவை அம்மக்களுக்கு இருக்கவில்லை. அவர்களது வாழ்க்கை அவற்றைப் பிரித்துத் தரவுமில்லை.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட இம்மக்களைப் பற்றி 1964 அக்டோபரில் ஒப்பந்தமொன்று கைச்சாத்தாகியது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். மீண்டும் எண்ணிக்கை; மீண்டும் தலைகள். அவர்களை மலைநாட்டிலிருந்து தலைமன்னார்க் கரைக்கு ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதியொன்றுக்கு இப்பெயரையே சூட்டினார். இப்பெயரிலும் நெஞ்சு இல்லை, கண்ணீர் இல்லை. வண்டி உண்டு, அழுகை உண்டு. ஓர் அரசியல் ஒப்பந்தத்தின் விளைவை ஒரு சடங்கின் பெயரால் அழைத்தமை மக்களின் திறனாய்வு என்றே கொள்ளத்தக்கது. பிரிவை அவர்கள் சாவாகக் கண்டனர். வண்டி நிற்கும் மேடையைச் சாவீடாகக் கண்டனர். போர்வீரனின் பூட்டிய நெஞ்சுக்கு நேரெதிரான அறம் இது. துயரைப் பலரறியத் திறந்து வைத்தலே இங்கே கடமை.

5

அச்செழுத்தில் இம்மக்களின் குரலாக முதலில் உலகறிய ஒலித்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் வட்டகொடையை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த அவர், 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். அடுத்துவந்த சட்டங்கள் அவருடைய வாக்காளரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1950களில் வெளிவந்த அவருடைய நெடுங்கவிதை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தேயிலைச் செடியின் அடியில் மண்ணோடு மண்ணாகிக் கிடக்கும் முன்னோருக்கு ஒரு நினைவுச் சின்னமும் இல்லை என்பது அதன் அடிநாதம்.

ஆங்கிலத்தில் எழுதியமைக்காக அவரைக் குறை கூறுவோரும் உளர். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். எம்மொழி இம்மக்களைக் கைகளாக எண்ணிற்றோ, அம்மொழியிலேயே அவர்களை நெஞ்சுடையோராகக் காட்டுதல் ஓர் அரசியற் செயல். அது துரைமாரின் கணக்கேட்டுக்கு அதே மொழியில் எழுதப்பட்ட மறுப்பு. வாக்குச்சீட்டுப் பறிக்கப்பட்ட பின்னர் ஒரு மக்கட் பிரதிநிதியின் கையில் எஞ்சியிருந்த சான்று அது எனலாம். இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பின்னரே அதன் குறையையும் கூறல் வேண்டும். தாகூரின் நடையும் ஆங்கில இரங்கற்பாவின் மரபும் அவரை ஈர்த்தன. மண், தேயிலை, விடியலில் ஒலிக்கும் பறை எனப் பொருள்களோடு நிற்கும் இடங்களிற் கவிதை உறுதியாக நிற்கின்றது. வாசகரின் பரிவை வேண்டி உயரும் இடங்களில் தொழிலாளர் தொலைவிற் காணும் காட்சியாகிவிடுகின்றனர். முன்னைய பகுதிகள் வாய்மொழி மரபின் கொடை. பின்னையவை பள்ளியிற் கற்ற கவிதையின் கொடை.

1969இல் சக்தீ பால ஐயா இக்கவிதையைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கினார். தலைப்பே ஒரு விமரிசனமாக அமைந்தது. ஆங்கிலத் தலைப்பில் இருந்த நாட்டின் பெயர் நீங்கியது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகப் பாரதி பாடிய பாடலின் எதிரொலி உள்ளே வந்தது. இலங்கைத் தொழிலாளியின் துயரம் கடல் கடந்த தமிழ்க் கூலிகளின் வரலாற்றோடு ஒரே அசைவில் இணைக்கப்பட்டது. நல்ல மொழிபெயர்ப்புச் சொல்லுக்குச் சொல் தேடாது, சொல் நிற்கும் மரபைத் தேடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

நெஞ்சு சார்ந்த ஆங்கிலத் தொடர்களைத் தமிழாக்குவோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று. ஆங்கிலத்தில் நெஞ்சு உடைந்தால், தமிழில் மனமுடைகின்றது. அங்கே நெஞ்செரிந்தால், இங்கே வயிறெரிகின்றது. அங்கே நெஞ்சாற் கற்பதை நாம் மனப்பாடம் என்கின்றோம். அங்கே நெஞ்சை எடுத்துக்கொள்ளச் சொன்னால், நாம் மனந்தளராதே என்கின்றோம். அங்கே நெஞ்சற்றவன் இங்கே கல்நெஞ்சன். இவற்றுள் ஒன்றிலேனும் இதயம் என்னும் சொல் இயல்பாக வந்து பொருந்தவில்லை. அகராதியில் முதலில் எதிர்ப்படும் சொல், வழக்கில் இறுதியாகவே தேவைப்படுகின்றது.

6

அவ்வாறாயின் இதயம் மலையக எழுத்தில் எவ்வாறு பெருகிற்று? அச்சொல் தமிழுக்குப் புதியதன்று. ஆனால் அதற்கு இருபதாம் நூற்றாண்டிற் கிடைத்த செல்வாக்குப் புதியது. ஆங்கிலக் காதற் கவிதையின் நெஞ்சு தமிழ் இதழ்களில் இதயமாக இறங்கியது. திராவிட இயக்க மேடை அதனைப் பொதுமக்களின் சொல்லாக்கியது; திரைப்படப் பாடல் அதனை லயங்கள்வரை கொண்டுசென்றது. 1962இல் தடைசெய்யப்பட்ட இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் தோட்ட இளைஞரிடையே வாசிப்பையும் தன்மான உணர்வையும் வளர்த்தது என்பது மறக்கலாகாதது. அவ்வுணர்வோடு கூட, இதயங்கனிந்த, இதயபூர்வமான என்னும் மேடை நடையும் வந்தது. வாழ்த்து மடல்களிலும் வரவேற்புரைகளிலும் அது பழகிப்போயிற்று. எழுதத் தொடங்கிய இளைஞன் உயர்ந்த தமிழென்று எண்ணிய தமிழில் இதயம் ஒரு தவிர்க்க முடியாத சொல்லாயிற்று. தன் தாயின் ஒப்பாரியில் இருந்த வயிறும் குலையும் அவனுக்குக் கொச்சையாகத் தோன்றின.

நம் மறுப்பு அச்சொல்லின் பிறப்புப் பற்றியதன்று. பிறமொழிச் சொல் என்பதற்காக ஒரு சொல்லை ஒதுக்குதல் மலையகத்தைப் பொறுத்தவரை பேதைமையாகும். லயம், பெரட்டு, செக்றோல், கோச்சி என உழைப்பின் வழியே புகுந்த சொற்கள் அம்மக்களின் தமிழில் உயிரோடு உலவுகின்றன. நம் மறுப்பு இதயம் என்னும் சொல்லின் பொருட்சுருக்கம் பற்றியது. நெஞ்சில் ஈரமும் உண்டு, உரமும் உண்டு. நெஞ்சு நிமிர்த்தலாம், நெஞ்சறிய உண்மை கூறலாம், நெஞ்சழுத்தத்தோடு எதிர்த்து நிற்கலாம், ஆசை தீராது மாண்டவனின் நெஞ்சு கட்டையிலும் வேகாது. இதயமோ கனியும், நொறுங்கும், அழும். அது நிமிர்வதில்லை. ஆங்கிலத்தில் நெஞ்சிலிருந்து துணிவு விலகி இரக்கம் எஞ்சிய வரலாற்றை மேலே கண்டோம். அங்கே பல நூற்றாண்டுகளில் ஒரே சொல்லுக்குள் நிகழ்ந்தது, இங்கே சில பத்தாண்டுகளில் ஒரு சொல்லை மற்றொரு சொல் பெயர்த்ததால் நிகழ்ந்தது.

இதன் விளைவு அழகியலோடு நிற்பதில்லை. இதயத்தின் மொழியில் எழுதப்பட்ட தொழிலாளி, படிப்பவரின் இரக்கத்துக்குரிய பொருளாகிறான். ஆனால் வரலாற்றில் அவன் அவ்வாறு மாத்திரம் இருக்கவில்லை. கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையும் தோட்டங்களிற் பாடிப் பரப்பிய பாடல்கள் அழுவதற்காக எழுதப்பட்டவையல்ல, ஒன்றுகூடுவதற்காக எழுதப்பட்டவை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் பலியானார். அவரது சாவை இதயம் நொறுங்கும் நிகழ்ச்சியாக எழுதலாம். நெஞ்சு கொடுத்த நிகழ்ச்சியாகவும் எழுதலாம். இரண்டும் தமிழே. இரண்டாவது தொடரிலேயே அவர் போராட்டத்தில் நின்றவராகத் தெரிகின்றார்.

சிறந்த மலையகப் படைப்பாளிகள் இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தனர். என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்னும் கதையில் உணர்ச்சி முழுவதும் கொழுந்தின் நிறையில் தங்கியுள்ளது. ஒருத்தி எடுத்த கொழுந்தின் அளவு பற்றி எழும் ஐயமே அவளது மானம் பற்றிய வினாவாகின்றது. தராசு பேசுவதால் ஆசிரியர் அவளுடைய உள்ளத்தைப் பற்றி மிகுதியாகப் பேச நேரவில்லை. இது கோப்பிப் பழப் பாடலின் மரபு. சி. வி. தமிழில் எழுதிய நாவல்களின் தலைப்புகளும் நோக்கத்தக்கவை. ‘வீடற்றவன்’ என்பதில் அகம் என்னும் சொல்லின் இரு பொருள்களும் மறைந்து நிற்கின்றன. லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், ஆகவே அகமில்லாதவன். ‘இனிப்படமாட்டேன்’ என்பதோ முழுமையாக ஒரு நெஞ்சின் சொல். ஆங்கிலத்திற் பரிவை வேண்டி நின்ற குரல், தமிழில் மறுத்துரைக்கும் குரலாக வளர்ந்தமையை இத்தலைப்பு உணர்த்துகின்றது. அவர் திரட்டிய ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ அவருடைய மறைவுக்குப் பின்னர் 1987இல் நூலாயிற்று. வாழ்நாள் முழுதும் அப்பாடல்களைக் கேட்ட செவியே அவரது தமிழ் நடையைத் திருத்திற்று எனக் கருத இடமுண்டு.

7

இதுவரை கூறியவற்றால், வாய்மொழிச் சொற்களை அப்படியே பெயர்த்து எழுதுவதே இலக்கியம் என்று முடிவு செய்துவிடலாகாது. ஒப்பாரியின் எல்லைகளும் நாம் அறிந்தவையே. அது சாவைக் குறித்துப் பாடும். சாவின் காரணத்தைச் சில வேளைகளில் விதியென்று விட்டுவிடும். கூலிக் கணக்கையும் சட்டத்தையும் பகுத்து நோக்கும் அறிவை நவீன எழுத்தே தர முடியும். ஆனால் அவ்வறிவு, வயிற்றில் அடித்தல் என்னும் தொடரில் முன்னமே செறிந்திருக்கும் அறிவைக் கைவிட்டுவிட்டு, அதனிடத்தில் நொறுங்கிய இதயமொன்றை வைக்குமாயின் அது வளர்ச்சியாகாது. மக்கள் ஒரே சொல்லில் இணைத்து வைத்த பசியையும் துயரையும் அது பிரித்துவிடுகின்றது. துயரை இலக்கியத்துக்கும் பசியைப் பொருளியலுக்கும் பங்கிட்டு விடுகின்றது.

இதிலிருந்து பல்கலைக்கழகத் தமிழாய்வுக்குச் சில பணிகள் எழுகின்றன. சாரல் நாடன் போன்றோர் மலையக வாய்மொழி இலக்கியத்துக்குச் செய்த பணி தொடரப்பட வேண்டும். பாடல்களைத் திரட்டுவதோடு நில்லாது, அவற்றின் உடற்சொற்களையும் உணர்ச்சித் தொடர்களையும் தோட்ட வாரியாகப் பதிவு செய்யும் சொல்லடைவு ஒன்று உருவாதல் வேண்டும். மூத்த பெண்களின் ஒப்பாரி அறிவு அவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றது. அதனைப் பதிவு செய்யும்போது, பாடலோடு பாடும் முறையையும், கை மார்பிலும் வயிற்றிலும் விழும் இடங்களையுங்கூடக் குறித்தல் தகும். ஆங்கிலத்தில் உள்ள மலையக எழுத்துகளைத் தமிழாக்குவோரும், தமிழில் உள்ளவற்றை ஆங்கிலமாக்குவோரும் இச்சொல்லடைவாற் பயன் பெறுவர். வயிற்றெரிச்சலைப் பொறாமை என்று மட்டும் ஆங்கிலமாக்கினால், பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் வயிற்றெரிச்சலுக்கு இடமில்லாது போய்விடும்.

தோட்டக்காட்டான் என்று இகழப்பட்ட மக்கள் தமக்கென ஏற்றுக்கொண்ட பெயர் மலையகத்தார். அப்பெயரினுள் மலையும் உண்டு, அகமும் உண்டு. கணக்கேடு மலையையும் அதில் உழைத்த கைகளையும் பதிந்து வைத்தது. அகத்தைப் பதிதல் இலக்கியத்தின் பொறுப்பு. அது எந்த உறுப்பின் பெயரால் பதியப்பட வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை அம்மக்களின் மொழிக்கே உண்டு.